வாடைக்கு ஒரு கரை, சோளகத்துக்கு ஒரு கரை

தீவுகளைச் சுற்றி வீசும் பருவக்காற்றுகளைப் பற்றியும், அவற்றை நம்பிப் பாய் விரிப்பதைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். பெரும்பாலான கேள்விகள் ராமேசுவரம், யாழ்ப்பாணத்துத் தீவுகள், இலங்கை ஆகியவற்றைப் பற்றியே வந்திருக்கின்றன. மாலத்தீவைப் பற்றி ஒரு கேள்வி வந்திருக்கிறது, அதையும் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: ராமேசுவரம் தீவில் ஆடி மாதம் சென்றபோது வடகரையில் கடல் குளம்போல் கிடந்தது, அதே நாள் மாலை தனுஷ்கோடிச் சாலையில் தெற்குப் பக்கம் நிற்க முடியாத அளவுக்குக் காற்றும் அலையும் இருந்தன. உள்ளூரில் ஒன்றைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். ஒரே தீவின் இரு பக்கங்களும் இப்படி வேறுபடுவது ஏன்? — கல்லூரி மாணவி, ராமநாதபுரம்

பதில்: நீங்கள் போன மாதம் ஆடி என்பதுதான் இதற்குப் பாதி விடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழி போன்ற கணவாய்களுக்குள் நெருக்கப்பட்டு, வேகம் கூடி, மன்னார் வளைகுடாவின் மேல் இறங்குகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கும் இதே நெருக்கம்தான் காரணம். அந்தக் காற்றோடு இந்தியப் பெருங்கடலின் நீண்ட அலைகளும் சேர்ந்து வந்து தீவின் தென்கரையில் மோதுகின்றன. வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவுக்கோ, ராமநாதபுரம் கரையும் மண்டபமும் ராமேசுவரம் தீவும் அதற்கப்பால் ஆதம் பாலத்து மணல்திட்டுகளும் வரப்புப்போல் குறுக்கே கிடக்கின்றன. காற்று அந்த வரப்பைத் தாண்டி வந்துவிடும், அலையால் தாண்ட முடியாது. காற்று புதிதாக அலை எழுப்ப வேண்டுமானால் நீர்ப்பரப்பின் மேல் நெடுந்தொலைவு ஓட வேண்டும். வடகரையை ஒட்டிய நீரில் அதற்கு இடமே இல்லை. அதனால்தான் அது உங்கள் கண்ணுக்குக் குளமாகத் தெரிந்தது.

ஆனால் பெண் கடல், ஆண் கடல் என்ற பெயர்களை வைத்துக்கொண்டு, ஒன்று எப்போதும் சாது, மற்றது எப்போதும் முரடு என்று நினைத்துவிட வேண்டாம் என்று உங்களையும், அந்தக் கரைக்குப் போகும் எல்லோரையும் அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். நவம்பரில் காற்று வடகிழக்குக்கு மாறியதும் நிலைமை தலைகீழாகிவிடும். கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் நடுவே 50 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமுள்ள வாயில் வழியாக வங்கக்கடலின் காற்றும் அலையும் பாக் விரிகுடாவுக்குள் நேராக நுழைகின்றன. அந்த விரிகுடா மிகவும் ஆழம் குறைந்தது. ஆழமில்லாத நீரில் அலையின் அடிப்பகுதி தரையில் உரசித் தாமதிக்க, பின்னால் வரும் அலை முன்னதை நெருங்கிவிடுகிறது. அலைகள் உயரத்தில் சிறியவையாக இருந்தாலும், ஒன்றுக்கொன்று இடைவெளியின்றி, சுவர்போல் செங்குத்தாக எழும்புகின்றன. சிறிய படகுக்கு மன்னார் வளைகுடாவின் நீண்ட அலையைவிட இந்தக் குட்டை அலையே கொடியது, ஏனெனில் ஓர் அலையில் ஏறி இறங்கி நிமிர்வதற்குள் அடுத்தது வந்து முகப்பில் அறைந்துவிடும். அந்த மாதங்களில் தென்கரைதான் காற்று மறைவில் இருக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் பருவத்துக்கு ஏற்ப வடகடலுக்கும் தென்கடலுக்கும் தொழிலை மாற்றிக்கொள்வதும், பாம்பனில் இரு கரைகளிலும் வாடிகள் எனப்படும் மீனவர் குடில்கள் அமைந்திருப்பதும் இதனால்தான். இன்று காற்றைப் பயன்படுத்திப் பட்டம் இழுக்கும் பலகையில் நீர்ச்சறுக்கு விளையாட வருபவர்களும், கோடையில் ஒரு கரை, குளிர்காலத்தில் மறு கரை என்று அதே கணக்கைத்தான் பின்பற்றுகிறார்கள்.

கேள்வி: என் தந்தையார் வல்வெட்டித்துறையில் பிறந்தவர். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுகளைப் பெயர் சொல்லியே பேசுவார். அவர் இப்போது இல்லை. இந்தப் பெயர்களுக்கு உரிய திசையும் காலமும் என்ன என்று எழுதுவீர்களா? — டொராண்டோ வாசகர்

பதில்: மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். உங்கள் தந்தையார் பேசியது ஒரு முழு நாட்காட்டி. வாடை வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவது. ஐப்பசி பிற்பாதியில் மழையோடு தொடங்கி, மார்கழியில் வலுத்து, மாசியில் தளரும். கொண்டல் கிழக்கிலிருந்து வருவது. மழைமேகத்துக்கும் கொண்டல் என்றே பெயர் இருப்பது, அந்தத் திசையிலிருந்துதான் நம் கரைக்கு மழை வந்தது என்பதைக் காட்டுகிறது. சோளகம், தமிழகக் கரையில் சோழகம் என்று சொல்லப்படுவது, பழைய அகராதிப் பொருளில் தென்காற்று. யாழ்ப்பாணத்தில் வைகாசி முதல் புரட்டாசி வரை விடாமல் வீசும் தென்மேற்குப் பருவக்காற்றையே அந்தப் பெயரால் குறிப்பார்கள். கச்சான் மேற்குக் காற்று. மட்டக்களப்பில் கச்சான் என்றால் உடலை வறட்டும் வெப்பக் காற்று என்றே பொருள்படும்; மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கும்போது சூடேறி வருவதால் அந்தக் குணம்.

நான்கு பெயர்களும் காற்று புறப்படும் திசையைச் சொல்கின்றன, அது போகும் திசையைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கடல் வரைபடங்களில் நீரோட்டத்தை மட்டும் அது போகும் திசையால் குறிப்பார்கள். புதிதாகக் கற்பவர்கள் மிகுதியாகக் குழம்புவது இந்த இடத்தில்தான்: தென்மேற்குக் காற்றும் வடகிழக்கு நீரோட்டமும் ஒரே பக்கமாகவே போகின்றன.

பெயர்களின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு தென்மேற்காகப் போகிறது. எனவே சோளக காலத்தில் போகும்போது காற்றையும் அலையையும் முகப்பில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். திரும்பும்போது அவை பின்னால் இருந்து தள்ளும். வாடையில் இது அப்படியே மாறிவிடும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா நடப்பதற்கும் காற்றோடு பொருத்தம் உண்டு: அந்தக் கரை வடக்கு நோக்கியது, வாடை கடலின் மேல் தடையின்றி வந்து கரையேறுவதால் சீராக இருக்கும். கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா பெப்ரவரி, மார்ச்சில் வருவதும் வாடை தளர்ந்து, சோளகம் இன்னும் எழும்பாத இடைவெளியில் அமைந்துவிடுகிறது.

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு பாய்மரப் படகில் இலங்கையை முழுவதும் சுற்றிவர விரும்புகிறோம். எந்த மாதத்தில் புறப்படுவது, எந்தப் பக்கமாகச் சுற்றுவது? — சென்னை வாசகர்

பதில்: முதலில் 'முழுவதும்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அடிக்கட்டை ஆழமாக அமிழும் பாய்மரப் படகு ஆதம் பாலத்தைக் கடக்க முடியாது. அங்கே பல இடங்களில் ஆழம் 1 முதல் 3 மீட்டர்தான். பாம்பன் கால்வாய் வழி இருக்கிறது என்றாலும், பாலம் திறக்கக் காத்திருக்க வேண்டும், இரு நாட்டுக் கடல் எல்லையைக் கடக்கும் அனுமதிகளும் வேண்டும். பெரிய கப்பல்கள் எல்லாம் இன்றும் இலங்கையின் தெற்கே சுற்றித்தான் போகின்றன. ஆகவே தென்மேற்குக் கரையிலுள்ள காலித் துறைமுகத்திலிருந்து தென்முனையைச் சுற்றித் திருகோணமலை வரை போவதையும், பிறகு திரும்புவதையும் உங்கள் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவே போதிய பயணம்.

இலங்கையில் எந்த மாதத்திலும் ஒரு கரை பயணத்துக்கு ஏற்றதாக இருக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்கும் தெற்கும், மே முதல் செப்டம்பர் வரை கிழக்கு. ஆகவே ஏப்ரலின் பிற்பகுதியில், தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பதற்கு முன் காலியிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படுவது நல்லது. காற்று அப்போது இளசாகவும் நிலையின்றியும் இருக்கும். பகலில் கடற்காற்றையும் இரவில் கரைக்காற்றையும் பிடித்துப் பிடித்துப் போக வேண்டியிருக்கும், சில மணி நேரம் பாய் தொய்ந்து நிற்கவும் நேரும். அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிற்பகல்களில் இடிமழையோடு வரும் திடீர்ச் சூறையை மட்டும் கவனியுங்கள்: மேற்கே கருமேகம் திரண்டு, இருந்த காற்றும் திடீரென்று நின்றால், அடுத்து வருவதற்குள் பாயைச் சுருக்கிவிட வேண்டும்.

ஜூன் பிறந்த பிறகு தென்கரையில் இருக்கக் கூடாது. தென்மேற்குக் காற்று மலைகளை ஏறிக் கடப்பதைவிடத் தீவின் ஓரமாக வளைந்து போவது எளிது என்பதால், தென்கிழக்கு மூலையில், அம்பாந்தோட்டைப் பக்கத்தில், காற்று ஒடுங்கி வேகம் பிடிக்கிறது. ஆற்றின் நடுவே நிற்கும் பாறையின் ஓரத்தில் நீர் விரைவதைப் பார்த்திருப்பீர்கள், இதுவும் அதுபோன்றதே. அந்த மூலையைக் கடந்து வடக்கே திரும்பியதும் 2,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகளின் மறைவுக்குள் வந்துவிடுவீர்கள். அங்கே அலை அடங்கியிருக்கும். ஆனால் காற்று சீராக இராது. மலைப் பள்ளத்தாக்குகள் வழியாக வீச்சு வீச்சாக வரும், பிற்பகலில் கிழக்கிலிருந்து எழும் கடற்காற்றோடு மோதி ஓய்ந்தும் போகும். மறைவு என்றால் அமைதி என்று எண்ணிப் பாயை முழுவதும் விரித்து வைப்பவர்கள்தான் அங்கே சிரமப்படுகிறார்கள்.

நீரோட்டமும் பருவத்தோடு திரும்புகிறது. இலங்கையின் தெற்கே மே முதல் செப்டம்பர் வரை அது கிழக்கு நோக்கியும், நவம்பர் முதல் பெப்ரவரி வரை மேற்கு நோக்கியும் ஓடும். எனவே திரும்புவதற்கு பெப்ரவரி, மார்ச் மாதங்களே உகந்தவை. தளர்ந்த வாடை பின்னாலிருந்து உதவும். அவ்வளவு நாள் தங்க இயலாது என்றால், செப்டம்பர் இறுதியில் தென்மேற்குக் காற்று ஓயும்போது திரும்பிவிடுங்கள். நவம்பரிலும் டிசம்பரிலும் கிழக்குக் கரைக் கடலில் இருக்கவே இருக்காதீர்கள். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயலும், 2020 டிசம்பரில் வந்த புரெவியும் அந்தக் கரையில்தான் ஏறின.

திருகோணமலையின் உள்துறைமுகம் மட்டும் இதற்கு விலக்கு. எந்தக் காற்றிலும் அது மறைவு தரும். சென்னையில் அலைதடுப்புச் சுவர் கட்டும் வேலை 1870-களில்தான் தொடங்கியது என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன் சோழமண்டலக் கரை முழுவதிலும், வாடை தொடங்கினால் போர்க்கப்பல் நிற்க ஓர் ஒதுக்கிடம் இல்லை. 1782-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்ததும், அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரான் அதைக் கைப்பற்றியதும் வெறும் நில ஆசையால் அல்ல. வடகிழக்குப் பருவத்தில் கப்பல்களைக் காப்பாற்றும் இடம் அது ஒன்றே என்பதை இரு தரப்பும் அறிந்திருந்தன.

கேள்வி: வானிலை அறிவிப்பில் காற்றின் வேகம் 10 'நாட்' (knot) அளவிலிருந்து 20 'நாட்' அளவுக்குக் கூடும் என்றால், சிரமம் இரு மடங்கு கூடும் என்று எடுத்துக்கொள்ளலாமா? — புதுச்சேரி வாசகர்

பதில்: கூடாது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். காற்று பாயின் மேல் செலுத்தும் அழுத்தம் வேகத்தின் இருபடியாக ஏறுவதால், வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். அறிவிப்பில் சொல்லப்படுவது சராசரி வேகம் என்பதையும் மறக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவுக்கான எச்சரிக்கைகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் என்று சொல்லி, இடையிடையே 65 வரை எட்டும் என்று சேர்ப்பது இதற்காகத்தான். அந்த 65-ஐ வைத்தே பாயின் அளவை முடிவு செய்யுங்கள். பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடும் ஏற்பாடு இருந்தது என்பது உங்களுக்கு ஓர் அளவுகோலாகட்டும்.

கேள்வி: மாலத்தீவிலும் இதே முறை பொருந்துமா? அங்கே மீனவர்கள் நட்சத்திரக் கணக்கு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். — தூத்துக்குடி வாசகி

பதில்: பருவங்கள் ஒன்றுதான், மறைவு வேறு. மாலத்தீவில் தீவுகளின் நிலம் ஏறத்தாழ எங்குமே கடல்மட்டத்திலிருந்து மூன்று மீட்டர்கூட உயரமில்லை. அதனால் இலங்கையைப்போல் காற்றைத் தடுக்கும் மலை இல்லை. தென்னை உயரத்துக்கு மேல் காற்று எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே வீசும். அங்கே தடுக்கப்படுவது அலை மட்டுமே. வளையம் வளையமாகக் கிடக்கும் பவளத்திட்டுகள் அலையை வெளியிலேயே உடைத்துவிடுவதால், வளையத்துக்குள் காற்று பலமாக இருந்தும் நீர் ஓரளவு அடங்கியிருக்கும். நல்ல காற்று, சிறிய அலை என்பது பாயோட்டிக்குக் கிடைக்கும் அரிய சேர்க்கை.

ஆபத்து திட்டுகளுக்கு இடையிலுள்ள வாய்களில் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் நீர் மேற்கு வாய்கள் வழியாக உள்ளே வந்து கிழக்கு வாய்கள் வழியாக வெளியேறும். வடகிழக்குப் பருவத்தில் இது திரும்பும். எங்காவது நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக மோதினால், அந்த வாயில் அலைகள் எழும்பி நிற்கும். சூரியன் உச்சியிலோ முதுகுப் பக்கத்திலோ இருக்கும்போது மட்டும் வாய்க்குள் நுழையுங்கள். எதிர்வெயிலில் நீருக்குள் இருக்கும் பவளம் கண்ணுக்குத் தெரியாது.

நட்சத்திரக் கணக்கு உண்மையே, அதைப் பற்றி எழுத வாய்ப்புத் தந்ததற்கு நன்றி. ஆண்டை 27 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 13 அல்லது 14 நாள் கொடுத்து, நகை என்று அழைக்கிறார்கள். நட்சத்திரம் என்ற சொல்லின் திரிபு அது. ஹுளங்கு எனப்படும் தென்மேற்குப் பருவம் ஏப்ரல் 8-இல் அஸ்ஸித என்ற நகையோடும், இருவை எனப்படும் வடகிழக்குப் பருவம் டிசம்பர் 10-இல் மூல என்ற நகையோடும் தொடங்குகின்றன. அஸ்ஸித நம் அசுவினி. மூல நம் மூலம். எந்த நகையில் புயல்காற்று, எதில் அமைதி, எதில் மீன் எந்தப் பக்கம் என்றெல்லாம் தலைமுறைகளாகச் சேர்த்த குறிப்புகள் அதில் உண்டு. ஆனால் 800 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கு தெற்காக நீண்ட நாடு அது. தென்கோடியில் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பருவக்காற்றின் பிடி தளர்ந்து, ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மேற்குக் காற்று மேலோங்கும். வடக்குத் தீவுகளின் கணக்கை அங்கே அப்படியே கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: இயந்திரம் இல்லாத காலத்தில் கப்பல்கள் காற்றுக்காக எவ்வளவு காத்திருந்தன? — கும்பகோணம் வாசகர்

பதில்: போவதற்கு ஒரு பருவம், திரும்புவதற்கு ஒரு பருவம் என்பதால், தொலைதூர வணிகனுக்கு ஒரு பயணம் என்பது ஏறத்தாழ ஓர் ஆண்டு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாகியான் வங்காளத்தின் தாமிரலிப்தித் துறையில் குளிர்காலக் காற்று தொடங்கியதும் வணிகக் கப்பலில் ஏறி, 14 நாளில் இலங்கையை அடைந்தார். தவறான மாதத்தில் அதே தொலைவுக்கு எத்தனை நாள் பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது, ஏனெனில் யாரும் அதற்குத் துணியவே மாட்டார்கள். பின்னாளில் பாயின் அமைப்பு மேம்பட்டு, காற்றுக்குச் சாய்வாக எதிர்முகம் போகும் திறன் கூடியபோதும், காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகைக்குள் நெருங்க முடியாமல் வளைந்து வளைந்தே போக வேண்டியிருந்தது. வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அந்த ஊர் மாலுமிகளோடு 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அந்த மாலுமிகள் வாடையிலும் சோளகத்திலும் கற்ற தொழில் அட்லாண்டிக்கிலும் அவர்களைக் கைவிடவில்லை என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கேள்வி: பருவம் மாறும் மாதங்களே ஆபத்தானவை என்கிறார்கள். கருவிகள் இல்லாமல், கரையில் நின்றபடியே காற்று மாறிவிட்டதை உறுதி செய்ய வழி உண்டா? — மண்டபம் வாசகர்

பதில்: ஆபத்து என்பது உண்மை. வங்கக்கடலில் புயல்கள் பெரும்பாலும் தென்மேற்குப் பருவத்துக்கு முன்னும் பின்னுமே உருவாகின்றன. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலும் வாடைக் காலத்தில் இலங்கையைக் கடந்து வந்ததே. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் உங்கள் இடப்பக்கம் இருக்கும் என்பது, டச்சு அறிஞர் பைஸ் பாலட் 1857-இல் வெளியிட்ட விதி. நம் கடலில் அதை நம்பலாம். ஆனால் அந்த நிலை வரும்வரை கடலில் இருக்கக் கூடாது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

கூண்டு ஏறாத சாதாரண நாட்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். இடைப்பட்ட காலத்தில் பகலில் கடற்காற்றும் இரவில் கரைக்காற்றும் மாறி மாறி வரும். விடியற்காலையில் காற்று கரையிலிருந்து வீசி, ஒன்பது, பத்து மணிக்குள் ஓய்ந்து, பிறகு கடல் பக்கம் திரும்பும். முந்தின நாள் பிற்பகலில் இருந்த அதே திசையிலேயே விடியற்காலையிலும் காற்று நின்று வீசினால், அதுவும் மூன்று நான்கு நாள் தொடர்ந்து அப்படி இருந்தால், பருவக்காற்று நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம். இந்திய வானிலைக் கணக்கில் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. ஆனால் சராசரி நாளைப் பார்த்துப் படகை இறக்காதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் பாம்பன் இருக்கிறது. அங்கே போய், வள்ளங்கள் வடகடலிலிருந்து பாலத்தடி வழியாகத் தென்கடலுக்கு மாறத் தொடங்கிவிட்டனவா என்று பாருங்கள். வரிசையாக மாறிவிட்டிருந்தால் வாடை வந்துவிட்டது. ஒன்றிரண்டு மட்டும் போயிருந்தால், இன்னும் ஒரு வாரம் காத்திருங்கள்.